பழைய, சின்ன லிமிட் கிரெடிட் கார்டை மூடலாமா? மலைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பலருடைய முதல் கிரெடிட் கார்டு சமவெளியில் வாங்கியதாகத்தான் இருக்கும். கோவையிலோ திருப்பூரிலோ வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். லிமிட் ரூ.15,000 அல்லது ரூ.20,000. பிறகு ஊருக்குத் திரும்பித் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், கோத்தகிரியிலோ குன்னூரிலோ கடை வைக்கிறார்கள், வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். இங்கேயே இருந்தவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அவர்கள் வங்கியில் வைப்பு நிதி போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கியிருப்பார்கள். அதன் பின் பெரிய லிமிட்டோடு இன்னொரு கார்டு வந்துவிடும். பழையது பீரோவுக்குப் போய்விடும்.

அதை மூடலாமா என்று கேட்டால் உடனே வரும் பதில், "பழைய கார்டை மூடாதே, ஸ்கோர் விழுந்துடும்" என்பது. ஸ்கோர் என்பது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று பார்க்க வங்கிகள் பயன்படுத்தும் மதிப்பெண். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. கார்டின் வயதை நினைத்துப் பயப்படுகிறவர்கள், அந்தக் கார்டு வருடாவருடம் கேட்கும் கட்டணத்தையும், தங்கள் மொத்த லிமிட்டில் அதன் பங்கு எவ்வளவு என்பதையும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை அந்த இரண்டும்தான். முறையாக மூடிய பழைய கார்டால் வரும் இழப்பு பெரும்பாலும் சிறியது. மறந்துபோய்விட்ட பழைய கார்டு ஒரு வீட்டுக் கடனையே நிறுத்திவிடும்.

முதலில் கடன் அறிக்கையை எடுங்கள்

கார்டைப் பற்றி யோசிக்கும் முன் அது உங்கள் பெயரில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் கடன் வரலாற்றைத் தொகுக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நாம் பொதுவாக எல்லாவற்றையும் "சிபில்" என்றே சொல்கிறோம். ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், வருடம் முழுவதும் காசில்லாமல் கண்காணிக்கலாம்.

அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். இலவச ஸ்கோர் காட்டுகிறோம் என்று சொல்லும் செயலிகளில் பல, உங்கள் எண்ணை வாங்கிக் கடன் விற்பதற்காகவே இருக்கின்றன.

அறிக்கையில் அந்தக் கார்டின் பகுதியைத் தேடி, தொடங்கிய தேதி, லிமிட், தற்போதைய பாக்கி, மாதவாரியாகப் பணம் கட்டிய வரலாறு ஆகியவற்றைப் பாருங்கள். சிபில் அறிக்கையில் 36 மாதம் வரையிலான வரலாறு கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தில் 000 என்று இருந்தால் அந்த மாதம் தாமதம் இல்லை. 030, 060 என்று இருந்தால் அத்தனை நாள் தாமதம்.

நம் ஊர்க்காரர்கள் பெயரையும் கவனிக்க வேண்டும். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும், கார்டில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். இதனால் ஒருவரின் கணக்கு வேறொருவர் அறிக்கையில் ஏறுவதும், சொந்தக் கணக்கே விடுபட்டுப் போவதும் உண்டு. ஒரே ஊரில் ஒரே பெயரில் பல பேர் இருக்கும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். பிழை இருந்தால் கார்டை மூடுவதற்கு முன்பே திருத்தக் கோருங்கள். கணக்கு உயிரோடு இருக்கும்போது வங்கியிடம் பேசுவது எளிது.

மறைந்து கிடக்கும் பாக்கி

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

பழைய கார்டின் ஸ்டேட்மென்ட் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். எஸ்எம்எஸ் வரும் எண்ணோ கோவையில் இருந்தபோது வைத்திருந்த சிம். அது எப்போதோ செத்துப்போயிருக்கும். கார்டைத் தொடவே இல்லை, அதனால் பாக்கி எதுவும் இருக்காது என்று நாம் நினைத்திருப்போம். அந்தப் பக்கம் ரூ.499 ஆண்டுக் கட்டணம் விழுந்திருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.588.82. அது கட்டப்படாமல் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி, வட்டிக்கும் ஜிஎஸ்டி என்று ஏறிக்கொண்டே போகும். கிரெடிட் கார்டு வட்டி பல வங்கிகளில் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டியது. வருடக் கணக்கில் 40 சதவீதத்துக்கு மேல். அறிக்கையில் 030, 060, 090 என்று கட்டங்கள் மாறும். வங்கி கடைசியில் அதை வராக்கடன் என்று எழுதி மூடிவிட்டால், அறுநூறு ரூபாயில் தொடங்கிய விஷயம் மகளின் கல்விக் கடன் விண்ணப்பத்தின் மேல் வந்து உட்காரும்.

ஆகவே கார்டை மூடும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மொபைல் எண், மின்னஞ்சல், முகவரி மூன்றையும் வங்கியில் புதுப்பியுங்கள். பிறகு கடைசி ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பாருங்கள். நியாயமில்லாத கட்டணம் என்று தோன்றினால் வாதாடுங்கள், தவறில்லை. ஆனால் பாக்கியைக் குறைத்து "செட்டில்மென்ட்" செய்துகொள்ளலாம் என்று வசூல்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் "செட்டில்டு" என்ற குறிப்பு ஏறிவிடும். பணத்தை முழுதாகக் கட்டவில்லை என்று அடுத்த வங்கி அதைப் படிக்கும். சின்ன லிமிட் கார்டில் முழுத் தொகையும் பெரும்பாலும் கட்டக்கூடிய அளவில்தான் இருக்கும். முழுதாகக் கட்டி "குளோஸ்டு" என்று வாங்குவதே மேல்.

கட்டணக் கணக்கு

ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கட்டணம் உண்டு என்றால், வருடத்தில் இவ்வளவு செலவு செய்தால் தள்ளுபடி என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவை எட்டுவதற்காக வேண்டாததை வாங்குவது கட்டணத்தைவிட அதிகம் செலவு வைக்கும்.

வங்கியை அழைத்து, இதைக் கட்டணமில்லாக் கார்டாக மாற்றித் தர முடியுமா என்று ஒரு முறை கேளுங்கள். மூடப் போகிறேன் என்று சொல்லும்போது பல வங்கிகள் இறங்கி வரும். மாற்றித் தந்தால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன சலுகை அடுத்த வருட பில்லில் காணாமல் போகும்.

லிமிட் கணக்கு

ஸ்கோரில் கைவைக்கும் இடம் இதுதான். எல்லாக் கார்டுகளின் மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற விகிதத்தை ஸ்கோர் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பது பரவலான ஆலோசனை. அது சட்டமோ விதியோ கிடையாது. ஸ்கோர் போடும் முழுச் சூத்திரத்தை எந்த நிறுவனமும் வெளியிடுவதில்லை. ஆனாலும் ஓர் எல்லைக்கோடாக அது உதவும்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய கார்டு லிமிட் ரூ.20,000, புதிய கார்டு ரூ.60,000. உரம் போடும் மாதத்தில் கார்டில் ரூ.22,000 செலவு. இப்போது விகிதம் 80,000-க்கு 22,000, அதாவது 27.5 சதவீதம். பழையதை மூடினால் 60,000-க்கு 22,000. கிட்டத்தட்ட 37 சதவீதம். கோட்டைத் தாண்டிவிட்டார். அவருக்கு அந்தச் சின்னக் கார்டு உபயோகமானதுதான்.

அதே விவசாயியின் புதிய கார்டு லிமிட் ரூ.2,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடும் முன் 10 சதவீதம், மூடிய பின் 11 சதவீதம். பொருட்படுத்த வேண்டியதே இல்லை. லிமிட் சின்னதாக இருப்பது இங்கே நமக்குச் சாதகம்: போனாலும் பெரிதாக எதுவும் போவதில்லை.

உங்கள் கணக்கை இதே மாதிரி ஒரு தாளில் போடுங்கள். சாதாரண மாதத்தை எடுக்காமல், வருடத்திலேயே அதிகம் செலவாகும் மாதத்தை எடுங்கள். தோட்டக்காரருக்கு உர மாதம், ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு ஏப்ரல், மே சீசனுக்கு முந்தைய வெள்ளையடிப்பு மாதம், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜூன்.

விகிதம் கோட்டைத் தாண்டுகிறது, ஆனாலும் மூடியாக வேண்டும் என்றால் இரண்டு வழி. புதிய கார்டின் லிமிட்டை உயர்த்தக் கேட்டு, அது உயர்ந்த பிறகு பழையதை மூடலாம். அல்லது ஸ்டேட்மென்ட் போடும் தேதிக்கு முன்பே பாதிப் பணத்தைக் கட்டிவிடலாம். கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும் பாக்கி ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரம்தான். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. முன்பு மாதம் ஒரு முறை. அதனால் விகிதம் ஏறினாலும், பணம் கட்டியதும் சில வாரங்களில் இறங்கிவிடும். தாமதக் குறிப்பு அப்படி இறங்காது.

வயதைப் பற்றிய பயம்

பத்து வருடக் கார்டை மூடினால் பத்து வருட வரலாறும் அழிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அப்படி அழிவதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். மூடிய கணக்கு, தொடங்கிய தேதி, மூடிய தேதி, கட்டிய வரலாறு எல்லாவற்றோடும் அறிக்கையில் தொடரும். ஒழுங்காகக் கட்டிய கார்டு, மூடிய பிறகும் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். இயங்கும் கணக்குகளில் உங்களுக்கு மிகப் பழையது இதுவாக இருந்தால், காலப்போக்கில் கொஞ்சம் பாதிப்பு வரலாம். உங்களிடம் இருக்கும் ஒரே கடன் கணக்கே இதுதான் என்றால் விஷயம் வேறு. வேறு கார்டும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை என்ற நிலையில் இதை மூடினால், உங்களை எடைபோட வங்கிக்குப் புதிதாக எந்தத் தகவலும் வராது. இங்கே பசுந்தேயிலைப் பணத்திலும் கேரட் விற்ற பணத்திலும் வாழ்கிற பலருக்குச் சம்பளச் சான்று காட்ட வழியில்லை. அந்தச் சின்னக் கார்டின் வரலாறுதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அப்படிப்பட்டவர்கள் இப்போதைக்கு மூட வேண்டாம். கட்டணம் இருந்தாலும், கட்டணமில்லாத இன்னொரு கார்டு கைக்கு வந்து ஆறேழு மாதம் ஓடிய பிறகு மூடுங்கள்.

பெரிய கடன் வரப் போகிறதா?

அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடன், கல்விக் கடன், வண்டிக் கடன் எதற்காவது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் எதையும் தொடாதீர்கள். புதிய கார்டும் வாங்காதீர்கள், பழையதையும் மூடாதீர்கள். ஸ்கோரில் சில புள்ளிகள் ஏறி இறங்குவது வட்டி விகிதத்தில் தெரியக்கூடிய காலம் அது. கடன் தொகை கைக்கு வந்த பிறகு நிதானமாக மூடிக்கொள்ளலாம். நகைக் கடன் மட்டும் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே நகைதான் பேசும்.

வைப்பு நிதியின் பேரில் வாங்கிய கார்டு

இதற்குத் தனிக் கணக்கு. கார்டு இருக்கும்வரை அந்த டெபாசிட்டை உடைக்க முடியாது. ரூ.25,000 அப்படிக் கட்டுண்டு கிடக்கிறது, தோட்டத்துக்குக் கவாத்துச் செலவு இருக்கிறது என்றால், கார்டை மூடி டெபாசிட்டை விடுவிப்பது நியாயமான முடிவு. அதே வங்கி இப்போது டெபாசிட் இல்லாத கார்டு தரத் தயாரா என்று முதலில் கேளுங்கள். தந்தால், அது வந்த பிறகு இதை மூடுங்கள். மூடும்போது, டெபாசிட்டின் மேல் வங்கி வைத்திருக்கும் பிடிமானத்தை (லீன்) நீக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுங்கள். கார்டு மூடப்பட்டும் பிடிமானம் நீங்காமல் நிற்பது உண்டு.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால்

பீரோவில் திரும்பப் பூட்டி வைத்தால் கார்டு தங்காது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் சொல்லி 30 நாள் காத்திருந்து, பதில் இல்லை என்றால் வங்கியே மூடலாம் என்பது விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சின்னச் செலவு ஒன்றைச் செய்யுங்கள். மின் கட்டணம் போதும்.

ரூபே கார்டாக இருந்தால் 2022 முதல் யுபிஐயில் இணைத்துக் கடைகளில் கியூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். வங்கி ரூபேயாக மாற்றித் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சின்ன லிமிட் கார்டுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. கடைக்காரரின் வணிகக் கியூஆரில்தான் பணம் போகும். தனிநபர் கணக்குக்குப் போகாது.

கட்ட வேண்டிய தேதியையும் சரிசெய்யலாம். பலருக்குத் தொழிற்சாலையிலிருந்து பசுந்தேயிலைப் பணம் மாதம் ஒரு முறைதான் வருகிறது. கார்டு தேதி அதற்கு நான்கு நாள் முன்னால் இருந்தால் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம். பில்லிங் தேதியைக் குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது வருத்தம். இன்னொன்று: கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் வங்கி தாமதம் என்று பதிவு செய்யலாம், தாமதக் கட்டணமும் போடலாம். மலையில் மின்சாரமும் சிக்னலும் போகிற மழை நாட்களில் அந்த மூன்று நாள் பெரிய உதவி.

செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை, தொடாமல் கட்டும் வசதி ஆகியவற்றைத் தனித்தனியாக அணைத்து வைக்க முடியும். வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள்.

மூடுவது என்று முடிவு செய்தால்

வரிசை முக்கியம். முதலில், அந்தக் கார்டிலிருந்து தானாகப் போகும் பணங்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள்: காப்பீட்டுப் பிரீமியம், ஓடிடி சந்தா, மொபைல் பில். கார்டோடு ஒட்டிக்கொண்டு வந்த "பாதுகாப்புத் திட்டம்" ஏதாவது மாதாமாதம் பணம் எடுக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். சேர்ந்திருக்கும் ரிவார்டு புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள்; மூடிய பின் அவை போய்விடும். இஎம்ஐயாக மாற்றிய பாக்கி இருந்தால், அதை முன்கூட்டிக் கட்டும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். சில நேரம் இஎம்ஐ முடியும்வரை காத்திருப்பது மலிவு.

பிறகு பாக்கியை முழுதாகக் கட்டுங்கள். ஸ்டேட்மென்ட்டில் இருப்பதோடு, இன்னும் பில் ஆகாததையும் சேர்த்து. முன்பு பாக்கியைத் தள்ளிப் போட்டுக் கட்டியிருந்தால், கட்டிய நாள்வரையிலான வட்டி அடுத்த பில்லில் வரும். அதனால் அடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்யம் என்று வரும்வரை பொறுங்கள். மீதி இரண்டு ரூபாய் நின்றாலும் மூடும் கோரிக்கை நகராது.

கோரிக்கை கொடுக்க ஊட்டிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, உதவி எண், மின்னஞ்சல், இணையதளம், இணைய வங்கி, செயலி போன்ற வழிகளில் கோரிக்கையை ஏற்க வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மின்னஞ்சலிலோ செயலியிலோ கேளுங்கள். எழுத்தில் தேதியோடு சான்று இருக்கும். கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைத்த "கஸ்டமர் கேர்" எண்ணுக்கு அழைக்கவே அழைக்காதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் மட்டும் போதும். கார்டை மூடுவதற்கு ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது தாமாகவே போன் செய்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

கோரிக்கை போன பிறகு, வேண்டாம் என்று மனதை மாற்ற ஓர் அழைப்பு வரும். கட்டணமில்லாமல் மாற்றித் தருகிறோம் என்றால் மேலே போட்ட கணக்கைப் பார்த்து யோசியுங்கள். புதிய கடன், பரிசுப் பொருள் என்றால் "வேண்டாங்க, மூடிடுங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால், மூடும் நாள்வரை நாளுக்கு ரூ.500 வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்; கோரிக்கை எண்ணும் தேதியும் அதற்குத்தான். கணக்கில் நீங்கள் அதிகம் கட்டிய பணம் இருந்தால் அது உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். மனைவி, பிள்ளைகள் பெயரில் இருக்கும் துணைக் கார்டுகளும் இதோடு செல்லாமல் போகும், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கி, பட்டா நகல் வைத்திருக்கும் கோப்பிலேயே ஒரு பிரதியைப் போட்டு வையுங்கள். பிறகு கார்டை, சிப்பும் துண்டாகும்படி வெட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மறுபடி எடுங்கள். அந்தக் கணக்கில் மூடிய தேதி இருக்க வேண்டும், பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். இன்னும் இயங்குவதாகவோ, "செட்டில்டு" என்றோ இருந்தால், கடிதத்தை இணைத்து அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் புகார் பதியுங்கள். வங்கிக்கும் ஒன்று அனுப்புங்கள். 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இணையத்திலேயே முறையிடலாம். கட்டணம் இல்லை. எப்படிப் பதிவது என்று தெரியாவிட்டால் 14448-க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.